மகளுக்குக் கணக்கு ஏறுதில்லை



இந்தப் பக்கத்துக்கு வருகின்ற கடிதங்களிலே பிள்ளைகளின் படிப்பைப் பற்றியவைதான் அதிகம். அவற்றிலும் கணித பாடத்தைப் பற்றியவைதான் கூட. கடந்த ஆண்டு கிளிநொச்சி மாவட்டத்திலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதத்துக்கு நான் அப்போது இங்கே பதில் எழுதவில்லை. இரண்டு வரி ஆறுதல் எழுதி முடித்துவிட மனம் வரவில்லை. இப்போது அவருடைய சம்மதத்தோடு, பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு எழுதுகிறேன்.

அவருடைய கணவர் 2009இல் ஒரு காலை இழந்தவர். வீட்டுச் செலவைத் தாயே தோட்டக் கூலிக்குப் போய்ப் பார்க்கிறார். மகள் அப்போது தரம் 10. "தமிழுக்கும் சமயத்துக்கும் எழுபது, எண்பது எடுக்கிறாள் ரீச்சர். கணக்குக்குப் பதினெட்டு. ரியூசனுக்கும் விட்டுப் பார்த்தன். அவளுக்குக் கணக்கு ஏறுதில்லை. நானும் எட்டாம் வகுப்போடை நிண்டனான். என்ரை மூளைதான் அவளுக்கும் போலை" என்று எழுதியிருந்தார்.

அந்தக் கடைசி வசனம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி அவருடைய வீட்டுக்குப் போனேன்.

மகளிடம் கணிதக் கொப்பியைக் கேட்டேன். தயங்கித் தயங்கித்தான் தந்தாள். கொப்பி துப்புரவாக இருந்தது. கரும்பலகையில் இருந்ததைப் பார்த்து எழுதிய பக்கங்களில் ஒரு பிழையும் இல்லை. தானாகச் செய்த பக்கங்களில்தான் சிவப்பு மை. விடைகளை விட்டுவிட்டு இடையிலுள்ள வரிகளைப் பார்த்தேன். மூன்றில் ஒரு பங்கு x, நாலில் ஒரு பங்கு x, இரண்டையும் கூட்டினால் 14 என்ற ஒரு சமன்பாடு. அவள் மேலே உள்ளதை மேலேயும், கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி, 2x இன் கீழ் 7 என்று எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு அவள் செய்த எல்லாம் சரி. சமன்பாட்டைத் தீர்க்கும் முறை அவளுக்குத் தெரிந்திருந்தது. பிழைத்தது பின்னக் கூட்டல்.

"பிள்ளை, அரையும் அரையும் எத்தனை?" என்று கேட்டேன். "ஒண்டு" என்றாள். "இந்த முறையிலே கூட்டிக் காட்டு பார்ப்பம்" என்றேன். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் இரண்டும் நாலு. நாலில் இரண்டு. அதாவது அரை. "அரை இறாத்தல் பாணும் அரை இறாத்தல் பாணும் வாங்கினால் வீட்டுக்கு அரை இறாத்தல்தான் வந்து சேருமோ?" என்றதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏக்கர், பரப்புக் கணக்கு எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். ஒரு ஏக்கருக்குப் பதினாறு பரப்பு. அரை ஏக்கர் எட்டுப் பரப்பு, கால் ஏக்கர் நாலு பரப்பு. "அரை ஏக்கரையும் கால் ஏக்கரையும் சேர்த்தால்?" என்று கேட்டபோது, மகளுக்கு முன்னரே தாய் "பன்னிரண்டு பரப்பு, முக்கால் ஏக்கர்" என்று குசினிக்குள் இருந்து சொன்னார். அரையையும் காலையும் பரப்பாக்கிக் கூட்டுவது போலத்தான் மூன்றில் ஒன்றையும் நாலில் ஒன்றையும் பன்னிரண்டில் பங்குகளாக்கிக் கூட்டுவது. பன்னிரண்டில் நாலும் பன்னிரண்டில் மூன்றும் சேர்ந்து பன்னிரண்டில் ஏழு. இப்போது x என்ன என்று கேட்டேன். இருபத்துநாலு என்று வந்தது. அதை மூன்றாலும் நாலாலும் பிரித்து, எட்டும் ஆறும் பதினாலு என்று அவளே சரிபார்த்தாள்.

இந்தப் பின்னக் கூட்டல் தரம் 10 பாடமல்ல. ஆறாம், ஏழாம் வகுப்புகளில் படித்து முடித்திருக்க வேண்டியது. அந்த வகுப்புகளில் அவளுக்கு என்ன நடந்தது?

2020 பங்குனியில் கொரோனாவுக்காகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது அவள் ஐந்தாம் வகுப்பு. 2021இலும் மாதக்கணக்கில் பாடசாலை இல்லை. தொலைபேசியிலே வகுப்பு என்றார்கள். அந்த வீட்டிலே இருந்தது பொத்தான் அமத்துகின்ற சிறிய தொலைபேசி. 2022இல் எரிபொருள் இல்லாமல் பஸ் ஓடவில்லை, ஆசிரியர்களாலும் வர முடியவில்லை. ஆறாம், ஏழாம் வகுப்புகளில்தான் பின்னமும் தசமமும் விரிகின்றன. திசைகொண்ட எண்களும் அட்சர கணிதமும் அங்கேதான் தொடங்குகின்றன. அந்த வகுப்புகளின் வாசலைத்தான் அவள் மிதித்தாளே தவிர உள்ளே இருந்து படிக்கவில்லை. பிறகு எட்டு, ஒன்பது என்று வகுப்பேற்றி விட்டோம்.

தாயிடம் கேட்டேன், "தங்கச்சி, நீர் ஏன் எட்டாம் வகுப்போடை நிண்டனீர்?" அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "தொண்ணூற்றாறிலை கிளிநொச்சியை விட்டு ஓடினம் ரீச்சர். பிறகு எங்கை படிக்கிறது?" என்றார். "அப்ப அது மூளையோ?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ என்றார்.

சரித்திரத்திலே ஒரு பாடத்தைத் தவறவிட்ட பிள்ளை அடுத்த பாடத்தைப் படித்து விளங்கிக்கொள்ளலாம். கணிதம் அப்படியல்ல. வாய்பாடு இல்லாமல் பிரித்தல் வராது. பிரித்தல் இல்லாமல் பின்னம் வராது. பின்னமும் மறை எண்ணும் பிடிபடாத பிள்ளைக்குத் தரம் 10இலே அட்சர கணிதப் பின்னம் படிப்பித்தால், சுவர் இல்லாத வீட்டுக்குக் கூரை போடுகிற வேலைதான். ரியூசனுக்கு விட்டும் ஏறவில்லை என்று தாய்மார் சொல்வதற்குக் காரணமும் இதுதான். ஒரு கொட்டகைக்குள் அறுபது, எழுபது பிள்ளைகளை இருத்திக் கடந்தகால வினாத்தாள்களை வரிசையாகச் செய்து காட்டுகிறார்கள். அத்திவாரம் உள்ள பிள்ளைக்கு அது நல்ல பயிற்சி. இல்லாத பிள்ளைக்குப் பார்த்தெழுதுகிற வேலை. மாதக் காசு மட்டும் இருவருக்கும் ஒன்றுதான்.

ஆசிரியர்களையும் முழுக்கக் குறைசொல்ல முடியாது. எங்கள் பின்தங்கிய பாடசாலைகள் பலவற்றிலே கணிதத்துக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர் வருவதும், இடமாற்றம் எடுத்துப் போவதும் வழக்கமாகிவிட்டது. அந்த இடைவெளியை வேறு பாட ஆசிரியர் நிரப்புகிறார், அல்லது ஒருவரும் நிரப்புவதில்லை.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கணிதத்தைத் தாய்மொழியிலேதானே படிக்கிறார்கள் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் பாடப்புத்தகத்தின் தமிழ் வீட்டுத் தமிழல்ல. 'ஆகாரம்' என்றால் எங்களுக்குச் சாப்பாடு. கணிதத்திலே கூடிய தடவை வருகின்ற பெறுமானம். 'இடை', 'இடையம்' என்று அடுத்தடுத்து இரண்டு சொற்கள். ஒன்று எல்லாவற்றையும் கூட்டிப் பங்கிடுவது, மற்றது வரிசைப்படுத்தி நடுவிலுள்ளதை எடுப்பது. 'தொடை' என்ற பாடம் தொடங்கினால் வகுப்பிலே சிரிப்பை அடக்குவதற்கே எனக்குப் பத்து நிமிடம் போகும். 'தாயம்', 'விருத்தி', 'நாண்' எல்லாம் இப்படித்தான். கணக்குச் செய்யத் தெரிந்த பிள்ளையும் வினாவை வாசித்து விளங்காமல் விட்டுவிடுகிறது. அந்த மகளிடம் பழைய கலண்டர் தாள்களை வெட்டித் தரச் சொல்லி, ஒரு பக்கத்தில் புத்தகச் சொல்லும் மறுபக்கத்தில் தன்னுடைய பேச்சிலே அதன் கருத்தும் எழுதச் சொன்னேன். ஆகாரத்துக்கு அவள் எழுதியது: 'எங்கடை வீட்டிலை கூடுதலான நாள் வைக்கிற கறி'. நான் முப்பது வருடம் படிப்பித்தும் இவ்வளவு நல்ல உதாரணம் சொன்னதில்லை.

ஏன் இவள் இதுவரை ஒருவரிடமும் கேட்கவில்லை என்று நீங்கள் நினைக்கலாம். நானும் கேட்டேன். "பத்தாம் வகுப்பிலை பின்னம் தெரியாது எண்டு எப்பிடிச் சொல்லுறது" என்றாள். வெட்கம் ஒன்று, பயம் ஒன்று. அந்தப் பயத்தை விதைத்தவர்களிலே நானும் ஒருத்தி என்பதால் ஒரு சம்பவத்தை மறைக்காமல் எழுதுகிறேன்.

1997இல் வன்னியிலே மரத்தடியில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்த காலம். ஒரு பையன் மூன்றாம் நாளாகவும் வீட்டு வேலை செய்யாமல் வந்தான். இடம்பெயர்ந்து வந்த பிள்ளை, விளக்குக்கு மண்ணெண்ணெய் இருந்ததோ என்னவோ, நான் விசாரிக்கவில்லை. எல்லோருக்கும் முன்னாலே நிற்க வைத்து, "உனக்குக் கணக்கு வராது. மாடு மேய்க்கப் போ" என்றேன். அடுத்த கிழமையிலிருந்து அவன் வரவில்லை. யாரோ அவர்கள் வேறிடம் போய்விட்டார்கள் என்றார்கள். அந்த நாட்களிலே அது சாதாரணம்.

2012இல் மீள்குடியேறிய ஒரு கிராமத்திலே உறவினர் வீட்டுக்கு அத்திவாரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மேசன் என்னைக் கண்டதும் எழுந்து, "ரீச்சர், என்னைத் தெரியுதோ?" என்றான். மூலை மட்டம் பார்ப்பதற்காக ஒரு கயிற்றிலே மூன்றடியும் மற்றக் கயிற்றிலே நாலடியும் குறித்து, குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று அளந்துகொண்டிருந்தான். பைதகரசின் தேற்றம் அது. "நீர் நல்லாய்க் கணக்குச் செய்யிறீர்" என்றேன். "இது கணக்கில்லை ரீச்சர், வேலை. நீங்கள் சொன்னது சரிதான், எனக்குக் கணக்கு வராது" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். குத்திக் காட்டவில்லை. நான் சொன்னதைப் பதினைந்து வருடமாக உண்மையென்றே நம்பியிருந்தான்.

பெண் பிள்ளைகளுக்கு இந்த வசனத்தை வீட்டிலேயே சொல்லிவிடுகிறோம். "பொம்பிளைப் பிள்ளைக்குக் கணக்கு எதுக்கு" என்று ஒருவர். "அவளுக்குக் கணக்கு ஓடாது" என்று இன்னொருவர். தாய் கூலிக்குப் போனால் சமைப்பதும் தம்பியைப் பார்ப்பதும் அவள்தான். இரவிலே அவள் கொப்பியை விரிக்கும்போது கண் சொருகும். கணக்கு மனம் ஓரிடத்திலே நிற்க வேண்டிய பாடம். காணாமற்போனவரைத் தேடுகின்ற வீட்டிலும், குடித்துவிட்டுச் சத்தம் போடுகின்ற வீட்டிலும் பிள்ளையின் மனம் அப்படி நிற்பது கடினம். அப்படியான பிள்ளைக்கு வாய்பாட்டை விட, அதன் கதையைக் கேட்பதற்கு ஓர் ஆள் முதலில் தேவைப்படலாம்.

திரும்பவும் அந்த வீட்டுக்கு வருவோம். அன்று நான் சொல்லிவிட்டு வந்தது சிறிய காரியம். பாடசாலையிலோ அயலிலோ கேட்டு ஆறாம், ஏழாம் வகுப்புக் கணிதப் புத்தகங்களை எடுங்கள். 1980 முதல் எங்கள் நாட்டில் பாடப்புத்தகங்கள் இலவசம். ஏதாவது ஒரு வீட்டிலே பழையது கிடக்கும். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்திலும் இருக்கின்றன, அயலிலே நல்ல தொலைபேசி உள்ள பிள்ளை இறக்கித் தரும். ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம், காலையிலே. தாய் பக்கத்தில் இருக்க வேண்டும். படிப்பிக்கத் தேவையில்லை. "விடை என்ன?" என்று கேட்காமல் "எப்படிச் செய்தாய், எனக்குச் சொல்லு" என்று கேட்டால் போதும். சொல்லிக்கொண்டு வரும்போது பிள்ளை தடுமாறுகின்ற இடத்தில்தான் ஓட்டை.

"எனக்கு என்ன விளங்கும் ரீச்சர்" என்றார் தாய். அப்போது மகள் செய்துகொண்டிருந்தது மறை எண் கணக்கு. மறை எட்டிலிருந்து மறை ஐந்தைக் கழிக்க வேண்டும். அவள் மறை பதின்மூன்று என்று எழுதியிருந்தாள். நான் தாயிடம் திரும்பி, "கடைக் கொப்பியிலே உமக்கு எண்ணூறு ரூபா கடன். கடைக்காரர் ஐந்நூறு ரூபாக் கடனை வெட்டிவிட்டார். இப்ப எவ்வளவு?" என்றேன். "முந்நூறு கடன்" என்றார் உடனே. மறை எட்டிலிருந்து மறை ஐந்தைக் கழித்தால் மறை மூன்று. மகள் தாயைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

நாலு மாதத்துக்குப் பிறகு வந்த தவணைப் பரீட்சையிலே அவளுக்கு 29. தாய் கவலையோடு எழுதினார். எனக்குக் கவலையில்லை, பதினெட்டிலிருந்து 29 வந்திருக்கிறது. அடுத்த தவணை 41.

பரீட்சையைப் பற்றியும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரண தரக் கணிதத்திலே முதலாம் வினாத்தாள் இரண்டு மணித்தியாலம். அதிலே இரண்டு புள்ளி வீதம் 25 சிறிய வினாக்கள், பத்துப் புள்ளி வீதம் 5 கட்டமைப்பு வினாக்கள். இரண்டாம் வினாத்தாள் மூன்று மணித்தியாலம். 12 வினாக்களில் பத்துக்கு எழுத வேண்டும். மொத்தம் 200 புள்ளியை இரண்டால் பிரிப்பார்கள். சாதாரண சித்திக்கு 35 போதும், அதாவது இருநூறிலே எழுபது. விடை பிழைத்தாலும் சரியான படிகளுக்குப் புள்ளி உண்டு. ஆகவே பிழையென்று நினைத்ததை முழுதாக வெட்டிவிட்டு வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வரக் கூடாது. வரைபு, புள்ளிவிபரம், தொடை, நிகழ்தகவு போன்ற வினாக்கள் ஒரு ஒழுங்கிலே செய்யக்கூடியவை, பலவீனமான பிள்ளை அவற்றில் முதலிலே கைவைக்கலாம். முதல் தடவை தவறினாலும் திரும்ப எழுத வழியுண்டு. ஆசிரியர், தாதி, எழுதுவினைஞர் போன்ற வேலைகளுக்கு கணிதச் சித்தி கேட்கப்படுவதால் "போனால் போகட்டும்" என்று விட்டுவிடாதீர்கள்.

இனி, இதை இந்த மாதம் எழுதக் காரணமான விடயத்துக்கு வருகிறேன்.

மகள் இப்போது தரம் 11. தவணைக் கட்டணமாகக் கடன் செலுத்துகின்ற பாடம் அவர்களுக்கு வந்திருக்கிறது. குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி கணிக்கின்ற முறை, மாத அலகு என்று சொல்வார்கள். அவள் அதைத் தாய்க்குச் சொல்லிக் காட்டியபோது, தாய் எழுந்துபோய்த் தன்னுடைய நுண்கடன் அட்டையை எடுத்து வந்து முன்னால் வைத்தாராம். கோழிக்கூடு போடுவதற்காக எடுத்த 60,000 ரூபா. "மாதம் இரண்டு வீதம் வட்டி" என்று சொல்லித் தந்தது. பன்னிரண்டு மாதம், மாதம் 6,200 ரூபா.

மகள் கணக்குப் போட்டாள். மாதம் 6,200 என்றால் பன்னிரண்டு மாதத்துக்கு 74,400. வட்டி 14,400. அதாவது கடைசி மாதம் வரையும் முழு அறுபதினாயிரத்துக்கும் வட்டி எடுக்கிறார்கள். ஆனால் மாதாமாதம் முதலிலே 5,000 ரூபா குறைந்துகொண்டுதானே வருகிறது? மீதிக்கு மட்டும் இரண்டு வீதம் எடுத்தால், முதல் மாதம் 60,000க்கு 1,200 ரூபா, அடுத்த மாதம் 55,000க்கு 1,100, அதற்கடுத்தது 1,000, கடைசி மாதம் 5,000க்கு 100 ரூபா. ஐயாயிரத்துக்கு ஒரு மாத வட்டி 100 ரூபா, பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை கூட்டினால் 78 மாத அலகுகள். ஆகவே 7,800 ரூபா. வித்தியாசம் 6,600 ரூபா, ஒரு மாதத் தவணையை விடக் கூட. இன்னொரு வழியாகவும் பார்த்திருக்கிறாள். 14,400ஐ 78 ஆல் பிரித்தால் ஏறக்குறைய 185 ரூபா. ஐயாயிரத்துக்கு 185 என்றால் மாதத்துக்கு மூன்றரை வீதத்துக்கும் மேல், ஆண்டுக்கு 44 வீதத்துக்கும் மேல்.

தாய் அந்தத் தாளை மடித்து அடுத்த குழுக் கூட்டத்துக்குக் கொண்டுபோனார். கையொப்பம் வைத்தாயிற்று, இனி மாற்ற முடியாது என்றார்கள். அது உண்மைதான், அவர் இப்போதும் மாதம் 6,200 கட்டுகிறார். ஆனால் அந்தக் கூட்டத்திலே புதிதாகக் கடன் எடுக்க வந்த ஒருவர் எழுந்து, வட்டி முழுத் தொகைக்கா, குறைந்து செல்லும் மீதிக்கா என்று கேட்டிருக்கிறார். அன்றைக்கு அவர் கையொப்பம் வைக்கவில்லை. அந்தக் கிழமையே மூன்று பெண்கள் தங்கள் அட்டைகளோடு அந்த வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறார்கள். "பிள்ளை நிக்கிறாளோ?" என்று கேட்டார்களாம். மகள் கலண்டர் தாளின் பின்பக்கத்திலே ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். இரண்டு அட்டைகளிலே கட்டிய தவணை பதியப்படாமல் விடுபட்டிருந்ததையும் கண்டுபிடித்தாளாம்.

பரீட்சை இன்னும் எழுதவில்லை. கேத்திர கணிதத் தேற்றங்கள் இன்னும் தகராறுதான் என்று சென்ற கிழமை எழுதியிருக்கிறாள். அது ஒன்பதாம் வகுப்பு ஓட்டையாக இருக்க வேண்டும், பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

கணிதம் பற்றிக் கடிதம் எழுதுகின்ற சகோதரிகள் பிள்ளை எடுத்த புள்ளியை மட்டும் எழுதாதீர்கள். பிழைத்த கணக்கு ஒன்றைக் கொப்பியில் உள்ளபடியே பார்த்து எழுதி அனுப்புங்கள். இடையிலே வெட்டிய வரிகளையும் சேர்த்து எழுதுங்கள். அந்தப் பிள்ளை 2020, 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் எந்தெந்த வகுப்பில் இருந்தது என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.